மாஞ்சோலை: குத்தகை நிலத்தில் உருவான மலையூர்

மாஞ்சோலை, திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலையின்மேல் அமைந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு. மணிமுத்தாறு அணையையும் அதற்கு மேலுள்ள அருவியையும் கடந்து வளைந்து ஏறும் மலைப்பாதைதான் இங்கு வரும் வழி. மாஞ்சோலை என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஓர் ஊரை மட்டும் குறிப்பதன்று. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என அடுத்தடுத்து மேலே செல்லும் ஐந்து இடங்களும் சேர்ந்தே அந்தப் பெயரால் அறியப்படுகின்றன. இவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரையான உயரத்தில் உள்ளன. குடியிருப்புகளைச் சுற்றித் தேயிலைச் சரிவுகள்; அவற்றைச் சுற்றி எல்லாத் திசையிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடர்காடு.

மழையும் ஆறும்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மலை இது. கீழே அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிக்கும் நாளிலும் மேலே மூடுபனி கவிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை இம்மலை நேராக எதிர்கொள்வதால், அம்மாதங்களில் தமிழகத்தின் அன்றாட மழைப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை ஆகிய பெயர்கள் அடிக்கடி முதலிடங்களில் வருகின்றன.

இந்த மழைநீர் ஓடைகளாகத் திரண்டு மணிமுத்தாற்றில் சேர்கிறது. மணிமுத்தாறு தாமிரபரணியின் துணையாறு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் அதன் குறுக்கே கட்டப்பட்ட அணை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட பகுதிகளுக்குப் பாசனநீர் தருகிறது. சமவெளியின் வயலும் குடிநீரும் மலைக்காட்டை நம்பியிருக்கின்றன. மாஞ்சோலையில் தோட்டம் தொடரலாமா என்ற விவாதங்களில் காடு முன்வைக்கப்படுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஜமீன் காடு தேயிலைத் தோட்டமான கதை

இந்த மலைக்காடு முன்பு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தது. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவுக்குச் செய்த படையுதவிக்கு ஈடாக அது ஜமீனுக்குக் கிடைத்தது என்பது வட்டார வரலாறு. காரையாறு பகுதியிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவில் சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் அமர்ந்து காட்சி தரும் வழக்கம், அந்தப் பழைய உரிமையின் அடையாளமாக நெடுங்காலம் நீடித்தது.

1919ஆம் ஆண்டு சென்னையில் நியூயிங்டன் கல்லூரி முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்த சிங்கம்பட்டி ஜமீன் வாரிசும் அந்த வழக்கில் சிக்கினார். வழக்குச் செலவால் ஜமீன் கடனில் ஆழ்ந்தது என்றும், அதை ஈடுகட்டவே மலைநிலம் குத்தகைக்கு விடப்பட்டது என்றும் இப்பகுதியில் சொல்லப்படுகிறது. 1929ஆம் ஆண்டு ஏறத்தாழ 8,374 ஏக்கர் காடு, 99 ஆண்டுக் குத்தகையாகப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு அளிக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி குத்தகை முடிவது 2028ஆம் ஆண்டு.

குத்தகை எடுத்த நிறுவனம் 1863ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பர்மாவின் தேக்குக் காடுகளே அதன் முதல் தொழில். 1885ஆம் ஆண்டின் மூன்றாம் ஆங்கிலேய பர்மியப் போருக்கு, பர்மிய அரசுக்கும் இந்நிறுவனத்துக்கும் இடையே மூண்ட மரத் தகராறு உடனடிக் காரணமானது. அதே நிறுவனம்தான் பிற்காலத்தில் தென்னிந்திய மலைகளில் தோட்டத் தொழிலில் இறங்கியது. மாஞ்சோலையில் சோலைக்காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் தேயிலையோடு காப்பி, ஏலம் போன்றவையும் பயிராயின. காலப்போக்கில் தேயிலையே முதன்மை பெற்றது. பிற்காலத்தில் ஊத்துப் பகுதித் தேயிலை, இயற்கை வேளாண்மை முறையில் விளைந்ததாக வெளிநாட்டுச் சந்தைக்கும் சென்றது.

சிங்கம்பட்டி ஜமீன் 1952ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. நிலம் அரசுக்கு வந்தபோதிலும் குத்தகை தொடர்ந்தது. நிலத்தின் சொந்தக்காரர் மாறினார். நிலத்தில் உழைத்தவர்களின் நிலை மாறவில்லை.

கொழுந்தும் லைன் வீடும்

தோட்டத்தில் வேலை செய்வதற்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம் சமவெளிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன. ஆள் திரட்டி வந்தவர்கள் கங்காணிகள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். காட்டைத் திருத்தியதும், நாற்று நட்டதும், மலைச்சரிவில் பாதை வெட்டியதும் இவர்களே. அட்டைக்கடியும் குளிரும் காட்டு விலங்குகளும் அன்றாட வாழ்வின் பகுதியாயின.

தேயிலைச் செடியை அப்படியே விட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். அதை இடுப்பளவில் நிறுத்திக் கொழுந்து எடுப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறார்கள். அதன்பின் தளிர்க்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் கொழுந்து. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வந்து பறிக்க வேண்டும். தவறினால் இலை முற்றிவிடும். ஆகவே தேயிலைத் தோட்டம் ஆண்டு முழுவதும் ஆள்பலத்தை விடாமல் கேட்கும் பயிர். கொழுந்து பறிப்பதில் பெண்களும், கவாத்து, மருந்தடிப்பு, தொழிற்சாலை வேலைகளில் ஆண்களும் மிகுதியாக ஈடுபட்டனர். பறித்த கொழுந்து எடை போடப்பட்டு, அன்றே தொழிற்சாலைக்குச் சென்றது. அங்கே இலையை வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டு நிறம் மாறவிட்டு, சூடேற்றி உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தால் தூள் ஆயத்தம்.

தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்தவை வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகள். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும் என்பதே அங்கிருந்த விதி. மாஞ்சோலையில் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் அஞ்சலகமும் கடைகளும் உருவாயின. அம்பாசமுத்திரம் வழியாகப் பேருந்து வந்தது. ஒரே லைனில் தமிழும் மலையாளமும் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. மூன்று நான்கு தலைமுறைகள் இங்கேயே பிறந்து, பள்ளி சென்று, மணமுடித்து, இம்மண்ணிலேயே அடக்கமாயின. ஆயினும் ஒரு சென்ட் நிலம்கூட அவர்களின் பெயரில் பதியப்படவில்லை. மாஞ்சோலையின் வரலாற்றில் ஆழமான அநீதி இதுதான்.

1999 ஜூலை 23

தொண்ணூறுகளின் இறுதியில் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் மேம்பட்ட பணி நிலைமைகளும் கேட்டுப் போராடினார்கள். போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களை விடுவிக்கவும் கோரிக்கைகளை ஏற்கவும் வலியுறுத்தி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி சென்றது. புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ் உள்ளிட்ட கட்சிகள் அதில் பங்கேற்றன.

ஆட்சியர் அலுவலகம் தாமிரபரணிக் கரையில், கொக்கிரகுளத்தில் உள்ளது. அங்கே போலீசார் தடியடி நடத்தியபோது, தப்ப வழியின்றி மக்கள் ஆற்றில் இறங்கினார்கள். பெண்கள் இருவரும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். நிகழ்வை விசாரிக்க நீதிபதி மோகன் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆர். ஆர். சீனிவாசன் இயக்கிய 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படம் இந்த நிகழ்வைப் பதிவு செய்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று இறந்தவர்களுக்குத் தாமிரபரணியில் மலர் தூவி அஞ்சலி செலுத்தப்படுகிறது. தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் கீழ்வெண்மணிக்குப் பின் மறக்க முடியாத பெயர்களில் ஒன்றாக மாஞ்சோலை ஆனது இப்படித்தான்.

புலிகள் காப்பகத்தின் நடுவே

முண்டந்துறை 1962ஆம் ஆண்டிலும் களக்காடு 1976ஆம் ஆண்டிலும் சரணாலயங்களாயின. இரண்டையும் இணைத்து 1988ஆம் ஆண்டு அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். அது அடங்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. புலி, சிறுத்தை, யானை, காட்டெருமை, வரையாடு, கருமந்தி, இருவாச்சி ஆகியவை இங்கு வாழ்கின்றன. மரத்தின் உச்சியிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் சிங்கவால் குரங்குக்கு இது முக்கியமான வாழிடம். காக்காச்சியை ஒட்டிய மழைக்காடு, மரவுச்சிகளின் சூழலை ஆராயும் அறிவியலாளர்கள் நெடுங்காலமாகப் பணியாற்றிய இடம்.

காட்டின் நடுவில் திறந்துகிடக்கும் தேயிலை நிலம், மரம்விட்டு மரம் செல்லும் உயிர்களின் வழியைத் துண்டிக்கிறது. யானைகளோ தோட்டத்தின் வழியாகவே நடமாடுகின்றன. 2023ஆம் ஆண்டு கம்பம் பகுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை மேல்கோதையாறு காட்டில் விடப்பட்டது. அதே ஆண்டில் அது மாஞ்சோலைத் தோட்டப் பகுதிக்குள்ளும் வந்து சென்றது.

குத்தகை நிலம் உட்பட்ட சிங்கம்பட்டிக் காட்டை அரசு 2018ஆம் ஆண்டு காப்புக்காடாக அறிவித்தது. சுற்றுலாப் பயணிகள் மேலே செல்ல வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். காக்காச்சியின் புல்வெளியும், கீழே அணைகள் தெரியும் குதிரைவெட்டிக் காட்சி முனையும் அவர்கள் நாடும் இடங்கள்.

மூடிய தோட்டம்

ஒரு காலத்தில் சில ஆயிரம் பேர் வேலை செய்த தோட்டத்தில் 2024ஆம் ஆண்டளவில் ஐந்நூற்றுச் சொச்சம் பேரே எஞ்சியிருந்தனர். குத்தகை முடிய இன்னும் நான்காண்டு இருக்கும்போதே, அவ்வாண்டு ஜூன் மாதம் நிறுவனம் வேலையை நிறுத்தியது. தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்கு ஒப்புதல் பெற்று, வீடுகளைக் காலிசெய்யச் சொன்னது. வேறிடமே அறியாத குடும்பங்கள் நீதிமன்றம் சென்றன.

அவர்களின் முதல் கோரிக்கை, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டக் கழகம் தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்பது. டான்டீ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தர உருவான நிறுவனம் என்பதால் அந்தக் கோரிக்கைக்கு முன்மாதிரி இருந்தது. காப்புக்காட்டுக்குள் தோட்டம் தொடர முடியாது என்பது அரசின் நிலை. 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தோட்டத்தை அரசு ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்தது. தொழிலாளர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் பொறுப்பை அரசுக்கு நினைவூட்டியது. சமவெளியில் வீடு, சுயதொழில் கடன், தொழிற்பயிற்சி ஆகியவை அரசு முன்வைத்த உதவிகள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

பறிக்க ஆளில்லாத தேயிலைச் செடிகள் உயரத் தொடங்கிவிட்டன. தேயிலை நிலம் தானாகவே சோலையாகிவிடாது. களைச்செடிகளை நீக்கி, இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டு, பல ஆண்டுகள் பேண வேண்டும். அந்த வேலைக்கு இம்மலையின் ஒவ்வொரு சரிவும் ஓடையும் தெரிந்த கைகள் மாஞ்சோலைத் தொழிலாளர்களுடையவை. தாமிரபரணிப் படுகைக்கு இக்காடு திரும்பக் கிடைப்பது நன்மை. அந்த நன்மைக்கான விலையை, நான்கு தலைமுறை உழைத்தும் நிலம் பெறாத குடும்பங்கள் மட்டுமே செலுத்துவது முறையன்று. அவர்களுக்குச் சொந்தப் பெயரில் வீடும் நிலமும் நிலையான வேலையும் கிடைக்கும்போதுதான் 1929இல் எழுதப்பட்ட குத்தகையின் கணக்கு உண்மையில் நேராகும்.