அடித்த வரிகள்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் நுழைந்து, அந்த ஈரம் முகத்தில் பட்டதும் எனக்கு நீல அட்டை போட்ட ஒரு நோட்டு ஞாபகம் வந்துவிடும். நூல் மில்லில் நான் அப்போது பயிற்சி சூப்பர்வைசர். நோட்டு, நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களின் பிட்டர் அண்ணனுடையது. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பக்கங்கள் மறுபுறம் தெரியும் அளவுக்கு ஊறியிருந்தன.

ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் மேல் ரோலரின் ரப்பர் உறையில் பஞ்சு சுற்ற ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் பிய்த்துவிட்டு நிமிர்வதற்குள் அந்தப் பக்கம் சுற்றியிருக்கும். மெஷின் பார்க்கும் சைடர் அக்காக்கள் கொக்கியோடு ஓடுவார்கள். அண்ணன் நோட்டைப் புரட்டிவிட்டு, ஈரப்பதம் கூட்டும் பிளாண்டில் தண்ணீர்த் தெளிப்பைக் குறைக்கச் சொல்வார். "ஒருக்கா பட்டதுங்க தம்பி, மறுக்கா எதுக்குப் படோணும்?"

அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஐஎஸ்ஓ தணிக்கை வந்தது. நோட்டை டைப் செய்யும் வேலை எனக்கு. குறுக்கே கோடு போட்டு அடித்திருந்த வரிகளை விட்டுவிட்டு, சரியான அளவுகளை மட்டும் சுத்தமாக எடுத்துக் கொடுத்தேன். பாராட்டினார்கள்.

ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்ப்பவர்களைப் பற்றி 1996இல் எழுதிய நூல் பின்னால்தான் கைக்கு வந்தது. கையேட்டில் இல்லாத பழுதை அவர்கள் சாப்பாட்டு மேஜைக் கதைகளில் கற்றுக்கொண்டார்கள். எதையெதைச் செய்து பார்த்துத் தோற்றோம் என்பதும் அந்தக் கதைகளில் உண்டு. படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்பே ஓர் ஆடி வந்து போயிருந்தது. புது இன்ஜினியர், நான் டைப் செய்த கோப்பில் தேடி, தடை எதுவும் காணாமல், ரோலர்களைச் சாணை பிடித்து உடனே மாட்டச் சொன்னார். புதிதாகத் தேய்த்த ரப்பரில் பஞ்சு இன்னும் அதிகமாக ஒட்டும். இரண்டு ஷிப்ட் வீண். "அண்ணன் அப்பவே பண்ணிப் பாத்து வேண்டாம்னாருங்களே," என்றார் ஒரு சைடர் அக்கா. அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

ஐஎஸ்ஓ 9001இன் 2015 பதிப்பில் நிறுவன அறிவுக்கென்றே 7.1.6 என்று ஒரு பிரிவு வந்தது. தோல்விகளில் கற்ற பாடமும் அந்த அறிவில் சேரும் என்கிறது அதன் குறிப்பு.

இரண்டு ஷிப்ட் வீணான அந்த ஆடியிலேயே பீரோவைத் திறந்து பழைய நோட்டை எடுத்தேன். கோட்டுக்கு அடியில் தெளிவாகவே இருந்தது: "சாணை பிடிச்சு உடனே மாட்டினது. சுத்தல் கூடிருச்சு." பக்கத்தில் தேதி. அதன்கீழே அன்றைய தேதியை எழுதி, அந்த அக்காவின் பெயரையும் எழுதினேன்.