பொங்கி வழிந்த கஞ்சியை யார் துடைத்தது?

சீனாவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 7ஆம் தேதி எழுதத் தொடங்கும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். மொத்தம் 750 மதிப்பெண். சீனம், கணிதம், ஆங்கிலம் மூன்றுக்கும் தலா 150. ஆங்கிலத்தில் 50 மதிப்பெண் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்குப் போய்விடும். நான்கு பத்திகள், பதினைந்து கேள்விகள், ஒரு கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். ஐந்தாவது பத்தியில் ஐந்து வாக்கியங்களைப் பிடுங்கிவிட்டுக் கீழே ஏழு வாக்கியங்களைக் கொடுத்திருப்பார்கள். பொருந்தும் ஐந்தை எடுத்து ஓட்டையை அடைக்க வேண்டும். மிச்சமாகும் இரண்டும் ஆளை ஏமாற்ற வைத்தவை.

இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். எழுதியது என் பிள்ளை இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்.

நான் கிருஷ்ணகிரிக்காரி. எங்கள் பக்கத்துக் குன்றுகளை அறுத்தெடுக்கும் கிரானைட் பாளங்கள் கப்பலேறிப் போய் இறங்கும் துறைமுகங்களில் ஒன்று ஷியாமென். என் இணையருக்கு அங்கே கல் வியாபாரத்தில் வேலை கிடைத்தது. 2023 கோடையில் நானும் போனேன். ஆங்கிலத்தில் எம்.ஏ., தனியார் பள்ளியில் ஒன்பது வருட அனுபவம் எல்லாம் என் பையில் இருந்தன. ஆனால் எனக்குக் கிடைத்தது குடும்ப விசா. அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. வேலை விசா கிடைத்திருந்தாலும் ஆங்கிலம் சொல்லித்தர என்னை எடுத்திருக்க மாட்டார்கள். அங்கே ஆங்கில ஆசிரியர் என்றால் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா மாதிரி ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டிலிருந்து வர வேண்டும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஓர் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். ஊர் தோங்ஆன் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் துணி தைக்கும் ஆலை வேலையை விட்டுவிட்டு, ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, மகளுக்குச் சமைத்துப் போட வந்திருந்தார் அந்த அம்மா. இப்படி வருகிறவர்களுக்குச் சீனத்தில் தனிப்பெயரே உண்டு: உடனிருந்து படிக்கவைக்கும் அம்மாக்கள். அன்ஹுய் மாகாணத்தில் மாவோதான்சாங் என்ற ஊர் இதற்கே பேர்போனது. பெரிய பள்ளி ஒன்றைச் சுற்றி அறை எடுத்துத் தங்கும் குடும்பங்களை நம்பித்தான் அங்கே கடைத்தெருவே நடக்கிறது. உடனிருந்து படிக்கவைக்கும் அப்பாக்கள் என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

அந்த அம்மாவை நான் ஜியே என்று கூப்பிட்டேன், அக்கா என்று பொருள். மகள் என்னை ஆயி என்றாள். சீனத்தில் அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது எங்கள் ஊர் எல்லையில் நிற்கிற சாமியை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மகளுக்கு நான் ஆங்கிலப் பத்திகள் சொல்லித்தருவேன், அக்கா எனக்குச் சீனம் சொல்லித்தருவார். காசு கிடையாது. பள்ளியில் இரவுப் படிப்பு முடிந்து அவள் வீடு திரும்பவே பத்து மணியாகும் என்பதால் எங்கள் வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். 'ஐந்தாண்டுத் தேர்வு, மூன்றாண்டு மாதிரி' என்ற தடிமனான பயிற்சிப் புத்தகத்தோடு வருவாள். மேசையில் வைத்தால் தேநீர்க் கோப்பை அதிரும்.

அவளுடைய ஆங்கிலத்தில் பெரிய குறை இல்லை. பேசும்போது மட்டும் அவன், அவள் குழம்பும். பேச்சுச் சீனத்தில் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் பெண்ணுக்கென்று தனிச் சின்னம் வந்தே நூறு ஆண்டுதான் ஆகிறது. நமக்கோ அவன், அவள் போதாமல் அவர் வேறு இருக்கிறது. டாக்டர் என்றதும் பாலினம் தெரியாமலே 'அவர்' போட்டுவிடுகிறோம், சமையல்காரி என்றால் 'அவள்' தானாக வந்து விழுகிறது. இதை அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஞாயிறு முழுக்க ஆயிற்று. மூன்றாவது சொல் எதற்கு என்று கேட்டாள். மரியாதைக்கு என்றேன். மற்ற இரண்டிலும் மரியாதை இல்லையா என்றாள்.

வாசிப்புப் பகுதியில் கேள்விகளை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். தகவலைத் தேடுவது, மையக் கருத்தைச் சொல்வது, தெரியாத சொல்லின் பொருளை ஊகிப்பது, சொல்லாமல் விட்டதை உய்த்துணர்வது. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்லும் விடை பெரும்பாலும் தப்பு. கட்டுரையாளரின் மனநிலை என்ன என்று கேட்டால் 'அக்கறையில்லை' என்ற விடையைத் தொடவே கூடாது, அக்கறை இல்லாதவன் எதற்குக் கட்டுரை எழுதப்போகிறான்? கடைசி வகையில் அவள் தவறு செய்து நான் பார்த்ததே இல்லை.

எப்படி என்று கேட்டேன். "வீட்டில் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறார்கள்" என்றாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது தம்பி பிறந்தான். 2016இல் இரண்டாவது குழந்தைக்கு எல்லாருக்கும் அனுமதி வந்த பிறகு பாட்டி விடவில்லையாம். தம்பி இப்போது கிராமத்தில் பாட்டியிடம் வளர்கிறான். 'பெண் பிள்ளைக்கு ஆசிரியர் வேலை நிம்மதி' என்று அப்பா போனில் சொன்னால், தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குச் செலவழிக்க முடியாது, தம்பிக்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்று அர்த்தம். அம்மா பேசாமல் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தால், அப்பா சொன்னதை மறுக்க முடியவில்லை என்று அர்த்தம். இந்தப் பாடத்தை நானும் படித்தவள்தான். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைக்குச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வேன். என் அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. அவன் நேராகப் போய்க் கேட்பான்.

மக்கள் கல்விப் பதிப்பகத்தின் மேல்நிலைப்பள்ளி ஆங்கிலப் புத்தகத்தில் மருத்துவர் லின் சியாவ்ஜி பற்றி ஒரு பாடம் உண்டு. 1901இல் ஷியாமெனை ஒட்டிய குலாங்யு தீவில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவர். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிரசவம் பார்த்தார், தான் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று அவருடைய அண்ணன் கட்டணத்தை நினைத்து முணுமுணுப்பது அந்தப் பாடத்திலேயே வருகிறது. தீவில் அவருக்கு ஒரு நினைவுத் தோட்டமும் சிலையும் இருக்கின்றன. படகேறிப் போய்ப் பார்த்தோம். சிலைக்கு முன்னால் நின்று அவள் கேட்டாள்: "இந்தப் பாடத்தை நடத்தும்போது அவருடைய பண்புகள் என்னென்ன என்று கேட்கிறார்கள். அண்ணன் ஏன் அப்படிச் சொன்னான் என்று ஏன் கேட்பதில்லை?"

அவள் மொழிபெயர்ப்புப் படிக்க ஆசைப்பட்டாள். அக்காவின் மனதில் இருந்தது வேறு. 2007இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்றின் கீழ், நடுவண் கல்வி அமைச்சகத்தின் ஆறு ஆசிரியர் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லாமல் படிக்கலாம். தங்குமிடம் இலவசம், மாதம் உதவித்தொகையும் உண்டு. பதிலுக்குச் சொந்த மாகாணத்துக்குத் திரும்பிப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும். முதலில் பத்து ஆண்டு என்றிருந்ததை 2018இல் ஆறாகக் குறைத்தார்கள். அக்காவின் கணக்கைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. செலவில்லை, வேலை உறுதி, மகள் பக்கத்தில் இருப்பாள். தையல் ஆலையில் ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணிக் கூலி வாங்கியவருக்கு 'உறுதி' என்ற சொல்லின் எடை என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் மொழிப் படிப்பில் பெண்களுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. மொழித் துறைகளில் பெண்கள் நிறைய இடம்பிடித்ததும், சில பல்கலைக்கழகங்கள் ஆண்களுக்கு ஒரு கட் ஆஃப், பெண்களுக்கு அதைவிடக் கூடுதலான கட் ஆஃப் என்று வைத்தன. இதை எதிர்த்து 2012 ஆகஸ்டில் குவாங்சோவில் இளம்பெண்கள் தெருவில் தலையை மழித்துக்கொண்டார்கள். 2013இல், ராணுவம், காவல் போன்ற சிறப்புப் படிப்புகளைத் தவிர மற்றவற்றில் ஆண் பெண் விகிதம் வைக்கக்கூடாது என்று கல்வி அமைச்சகம் சொன்னது. நான் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு, "நன்றாகப் படித்ததற்கு அபராதமா?" என்று கேட்டாள். மொட்டையடித்த அந்த அக்காக்களின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நெருங்கியபோது அக்கா என்னிடம் தனியாக ஒரு விஷயம் கேட்டார். ஜூன் முதல் வாரத்தில்தான் மகளுக்கு நாள் வரும். தள்ளிப்போட மாத்திரை கொடுக்கலாமா? அந்தப் பருவத்தில் நிறையப் பெண்கள் அப்படிச் செய்கிறார்களாம். உங்கள் ஊரில் உண்டா என்றார். உண்டு, கோயிலுக்குப் போக, கல்யாண வீட்டுக்கு என்றேன். "சாமிக்காகவா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்களுக்கு இதுதான் சாமி" என்றார். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், முதலில் அவளைக் கேளுங்கள் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். பையில் பேனாக்களுக்குப் பக்கத்தில் நாப்கின் வைத்துக்கொண்டாள்.

வாசிப்புப் பயிற்சியில் எனக்கு மறக்காத நாள் ஒன்று உண்டு. ஆங்கிலத் தாளின் கடைசிக் கேள்வியில் பாதியில் நிற்கும் கதை ஒன்றைக் கொடுப்பார்கள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு இரண்டு பத்தி எழுதி முடிக்க வேண்டும். 25 மதிப்பெண். 2021ஆம் ஆண்டு முதல் தாளில் வந்த கதையை அவளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். அன்னையர் தினத்தன்று இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர் அம்மாவைப் படுக்கையிலேயே சாப்பிடவைக்கக் காலைச் சிற்றுண்டி செய்கிறார்கள். கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. பையன் விரலைச் சுட்டுக்கொள்கிறான். முதல் பத்தியின் தொடக்க வரியைத் தேர்வுத் தாளே கொடுத்துவிடுகிறது, அப்பா வந்து நிற்கிறார். இரண்டாவதன் தொடக்க வரியில் பிள்ளைகள் தட்டோடு மாடிக்குப் போய் அம்மாவை எழுப்புகிறார்கள்.

அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தாள். அப்பா அன்பாகத் தோளைத் தட்டினார், எல்லாம் சரியாயிற்று, அம்மாவின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: "பொங்கி வழிந்த கஞ்சியை யார் துடைத்தது?"

பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வேறொரு தாளை எடுத்து மறுபடி எழுதினாள். இந்தத் தடவை அப்பா அடுப்பைத் துடைக்கிறார், பையன் தரையைத் துடைக்கிறான். அம்மா சாப்பிடுகிறாள். கண்ணீர் இல்லை. நன்றி சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறாள்.

"இது தேர்வுக்கு இல்லை, உங்களுக்கு" என்றாள். தேர்வில் அம்மா அழத்தான் வேண்டும், தூங்கினால் மதிப்பெண் போய்விடும்.

அடுத்த அறையிலிருந்து எட்டிப்பார்த்த அக்கா என்ன சிரிப்பு என்று கேட்டார். மகள் சீனத்தில் கதையைச் சொன்னாள். அக்கா கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "யார் துடைத்தாலும் சரி, முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கச் சொல்லு. காய்ந்த கஞ்சி லேசில் போகாது."

2024 ஜூன் 7 காலையில் அக்கா சிவப்பு சீப்பாவ் உடுத்திக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார். அந்த உடையின் பெயரில் வருகிற 'சீ'க்குக் கொடி என்று பொருள், கொடி ஏறினால் வெற்றி என்று ஒரு வழக்கு. வாசல் முழுக்க அம்மாக்கள், வெயிலில், பட்டில். அடுத்த நாள் மதியம் ஆங்கிலத் தேர்வு முடிந்து வெளியே வந்தவள், நான்காவது பத்தி கொஞ்சம் கடினம், அவ்வளவுதான் என்றாள்.

மதிப்பெண் வந்த பிறகு விருப்பப் பட்டியல் நிரப்ப வேண்டும். அந்த வாரம் வீட்டில் எல்லாரும் மறுபடி ஊகத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் அவளிடம் சொன்னது இதைத்தான்: "நீ நினைப்பதை அம்மா ஊகிக்கட்டும் என்று விடாதே. வாயைத் திறந்து சொல்." சொன்னாள். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார், ரயிலில் எத்தனை மணி நேரம்? பிறகு கணவனுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் உரக்கப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. தம்பி என்ற சொல் நான்கைந்து முறை வந்தது. பட்டியலில் மொழிபெயர்ப்பு முதலாவதாகவும் ஆசிரியர் படிப்பு அதற்குக் கீழேயும் போயின. முதலாவதே கிடைத்தது.

செப்டம்பரில் மகள் விடுதிக்குப் போனாள். அக்கா அறையைக் காலி செய்துகொண்டு தோங்ஆன் திரும்பினார். பழைய ஆலையில் வேலை கிடைத்தது, ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் கணக்கில். பதினைந்து வருட அனுபவம் மூன்று வருடச் சமையலில் கரைந்துவிட்டது. அந்த மூன்று வருடக் கூலியும் வாடகையும் 750 மதிப்பெண்ணில் எந்தக் கேள்விக்கும் விடை இல்லை. மகள் ஜெயித்த கதையை மட்டும் எழுதிவிட்டு அம்மாவின் கணக்கை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆலைக்குப் போவதற்கு முந்தைய வாரம் அக்கா வீசாட்டில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். மகள் போனதிலிருந்து பகலிலும் தூக்கம் தூக்கமாக வருகிறதாம், நேற்று மதியம் படுத்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தாராம். குரலில் வெட்கம் இருந்தது. என் அரைகுறைச் சீனத்தில் பதில் பதிந்து அனுப்பினேன்: நன்றாகத் தூங்குங்கள் அக்கா.