கல்லும் சொல்லும்

ஒரு நகரின் பெருமையை அதன் கட்டடங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. சிங்கப்பூரில் தமிழர் வரலாற்றைக் காண விழைவோரும் முதற்கண் கோபுரங்களையே நாடுவர். 1819-இல் இராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, இங்குச் செங்கற்சூளை அமைத்தார்; 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பினார். சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபம், வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளையின் கொடையை நினைவூட்டுகின்றது.

திருவாரூரில் பிறந்து 1924-இல் இந்நகர் வந்த கோ. சாரங்கபாணி கட்டிய கோயிலோ கண்ணுக்குப் புலப்படாது. அவர் 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளையோரை எழுதத் தூண்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி அவர் திரட்டிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு எளிய தொழிலாளரும் ஈந்தனர். 1974-இல் அவர் மறைந்தார். முரசு இன்றும் ஒலிக்கின்றது.

எனினும், தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி, மாணவர் குறைந்தமையால் 1982-இல் மூடப்பெற்றது. அப்பெயரை இன்று ஒரு தமிழ்மொழி நிலையம் தாங்கி நிற்கின்றது. தமிழ் இங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும், சட்டம் தரும் இடத்தை நாவன்றோ நிரப்புதல் வேண்டும்?

கோயில் பழுதுற்றால் பொருள் ஈட்டிக் குடமுழுக்குச் செய்யலாம். மொழி பழுதுற்றால் பொருள் மட்டும் போதாது. வகுப்பறையில் கற்ற சொல்லை வீட்டு வாயிலுக்குள்ளும் கொண்டு செல்லும் மாணவனே, சாரங்கபாணிக்கு இந்நகர் எழுப்பத்தக்க நினைவுச் சின்னம்.