இணைப்பு வண்டிக்கு எந்தப் பலகை?



ஆசிரியருக்கும் வண்டிப் பலகைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். மலாக்கா மாநிலத்தின் சிறிய தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியோர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். விளையாட்டுப் போட்டியானாலும் பொங்கல் விழாவானாலும் கூடாரம், நாற்காலி, ஒலிபெருக்கி, பானை எல்லாம் எங்கிருந்தோ வந்து சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் லாரி அமர்த்தப் பணம் இராது. பெற்றோர் ஒருவரின் வேனுக்குப் பின்னால் பூட்டும் இரு சக்கர இணைப்பு வண்டிதான் கைகொடுக்கும்.

எங்கள் பள்ளிக்கு அப்படியொரு வண்டி அன்பளிப்பாகக் கிடைத்தது. நீளம் 8 அடி; அகலம் 5 அடி. இரும்புச் சட்டம் உறுதியாக இருந்தது. தளப்பலகை புதிதாக வண்ணம் பூசப்பட்டுப் பளபளத்தது. நாற்காலிகளை இறக்க அதன்மேல் ஏறிய தாய் ஒருவரின் கால் பலகையைத் துளைத்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கிவிட்டது. அவர் நாட்கூலிக்கு உழைப்பவர். காயம் ஆறும்வரை வேலைக்குப் போக இயலவில்லை, கூலியும் இல்லை. அதன் பிறகுதான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பலகையைப் பற்றிய பேச்சு எழுந்தது. “மலிவான பிளைவுட் போதுமே” என்றனர் சிலர். அந்தக் கருத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மரம் மழையால் மட்டும் உளுத்துப்போவதில்லை. உள்ளே தங்கும் ஈரத்தில் வளரும் பூஞ்சைதான் அதனை உண்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வதில்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் ஊரில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய சோதனை.

கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தார் மரக்கட்டைகளை மண்ணில் நட்டு, எத்தனை ஆண்டு தாங்குகின்றன என்று சோதித்திருக்கின்றனர். மருந்தேற்றாத கட்டை 10 ஆண்டுக்கு மேல் நின்றால் மிக உறுதியானது; 5 முதல் 10 ஆண்டு நின்றால் உறுதியானது; 2 முதல் 5 ஆண்டு என்றால் நடுத்தரம்; அதற்கும் குறைந்தால் உறுதியற்றது. செங்கால் மரம் முதல் வகை. கெருயிங் நடுத்தரம். ரப்பர் மரமோ கடைசி வகை. 1896-இல் டான் சாய் யான் நம் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். நம் முன்னோர் அந்த மரத்தை நம்பித்தான் வாழ்ந்தனர். எனினும் அதன் பலகை, மருந்தேற்றி வீட்டினுள் வைக்கும் நாற்காலிக்கும் மேசைக்கும் உகந்ததே தவிர, மழையில் நிற்கும் வண்டிக்கு உகந்ததன்று.

அப்படியானால் செங்காலையே வாங்கிவிடலாமே? எடையைக் கணக்கிடுவோம். 40 சதுர அடித் தளத்திற்கு 25 மி.மீ. பலகை என்றால், செங்கால் ஏறத்தாழ 88 கிலோ. கெருயிங் ஏறத்தாழ 74 கிலோ. 3 மி.மீ. எஃகுத் தகடும் 88 கிலோ அளவில்தான் வரும்; அத்துடன் வெயிலில் சுடும், மழையில் வழுக்கும். தளம் கனக்குமளவு வண்டி ஏற்றக்கூடிய சுமை குறையும்.

நாங்கள் மருந்தேற்றிய கெருயிங்கைத் தேர்ந்தெடுத்தோம். அது மருந்தை நன்றாக உள்வாங்கும். விலையும் செங்காலைவிடக் குறைவு. லாரித் தளங்களுக்கும், கப்பலேறும் கொள்கலன்களின் தளப் பிளைவுட்டுக்கும் உலகெங்கும் நெடுங்காலம் விரும்பப்பட்ட மரம் அது. பழைய வீட்டை இடிக்கும் இடத்தில் நல்ல செங்கால் பலகை கிடைத்தால் அதையும் விட்டுவிட வேண்டா.

நல்ல மரத்தைத் தவறாகப் பொருத்தினால் பயனில்லை. பலகைகளுக்கிடையே 5 மி.மீ. இடைவெளி வேண்டும், தண்ணீர் வடியும், காற்றும் புகும். அறுத்த முனைகளே நீரை விரைந்து உறிஞ்சும். ஆகவே அங்கு மீண்டும் மருந்து பூச வேண்டும். ஆணி அடிக்காமல், துத்தநாகம் பூசிய போல்ட்டால் சட்டத்தோடு முடுக்க வேண்டும். வண்டியைச் சற்றுச் சாய்த்து நிறுத்த வேண்டும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மருந்தேற்றிய பலகையில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்திருக்கலாம். அறுத்து எஞ்சிய துண்டுகளைப் பொங்கல் அடுப்பிலோ கூட்டுச் சமையல் அடுப்பிலோ இடவே கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு.

விலைக்கணக்கை ஆறாம் ஆண்டு மாணவர்களிடமே விட்டேன். ஒரு பங்கு விலையில் 2 ஆண்டு தாங்கும் பலகையா, மூன்று பங்கு விலையில் 10 ஆண்டு தாங்கும் பலகையா, எது மலிவு? வகுத்துப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு நெடுநேரம் ஆகவில்லை. ஓர் ஆள் இழக்கும் கூலியையும் சேர்க்க வேண்டும் என்று மாணவி ஒருத்தி சொன்னாள். அது எந்தப் பாடநூலிலும் இல்லாத கணக்கு.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய வண்டி இருந்தால், யாரையும் ஏறவிடுமுன் தளத்தின் அடிப்பக்கத்தைத் திருப்புளியின் நுனியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் பலகையை மாற்றுங்கள். அதன்மேல் வண்ணம் மட்டும் பூசிவிடாதீர்கள்.