கோழி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கண்காட்சியில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் ஒன்றை லட்ச ரூபாய்க்குக் கேட்டார்கள் என்று நாளிதழில் படித்ததிலிருந்து, அந்த இனத்தை வளர்ப்பவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. கால்நடை மருத்துவரான நண்பர் திண்டுக்கல் பக்கம் ஒருவரைக் கைகாட்டினார். "போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. வேற பண்ணைக்குப் போன செருப்போட அங்க நுழைஞ்சிடாதீங்க" என்றார்.

படலுக்கு வெளியிலேயே நிறுத்தி, சுண்ணாம்புத் தூளை மிதிக்கச் சொல்லி, வேறு செருப்புக் கொடுத்த பிறகுதான் பெரியவர் உள்ளே விட்டார். கோழிக்கழிச்சல் நோய்க்கிருமி செருப்பு மண்ணிலும் வரும். முன்பு ஒரு முறை விலை கேட்க வந்தவர்கள் போன பின், இவருடைய பட்டியே காலியானதாம்.

பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆலை மூடியபின் கோழிக்கு வந்தார். அப்பா கட்டுச்சேவல்காரர். மகனுக்குச் சண்டையில் மனம் ஒட்டவில்லை, சேவலின் அழகில் ஒட்டிக்கொண்டது. ஒன்றைத் தூக்கிக் காட்டினார். குறுகி வளைந்த அலகு, தலையோடு படிந்த சிறு கொண்டை, வெளிறிய கண், தரையைத் தொடும் வால். வால் இறகு ஒடியாமலிருக்க உயரத்தில் கம்பு கட்டி அடைய விடுகிறார்.

இந்தப் பெட்டைகள் முட்டை குறைவாகத்தான் இடும். உடம்பு கனம் என்பதால் அடையில் உட்கார்ந்தால் முட்டை நொறுங்கவும் செய்யும். ஆகவே முட்டைகளை எடுத்து, உடம்பு இலேசான சிறுவிடை நாட்டுக்கோழிக்கு அடை வைக்கிறார்கள். அடை காக்கும் 21 நாளும் அவர் மனைவியின் பொறுப்பு. ஏழாம் நாள் டார்ச் அடித்துக் கருக்கூடாத முட்டையை ஒதுக்குவதும், பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைச் சொட்டு விடுவதும் அந்த அம்மாதான். விலை பேச வருகிறவர்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விலையைப் பற்றிப் பெரியவரே சொன்னார்:

"கறிக்கோழி கிலோ என்ன விலை, உங்க குஞ்சு ஏன் இத்தனை ஆயிரம்னு கேக்குறாங்க தம்பி. ஒரு அடையில பொரிக்கிறதுல தேறுறது ஒண்ணோ ரெண்டோ. மத்ததுக்கு மூக்கு நீண்டுபோகும், வால் தூக்கிக்கும். அதுக்கும் தீனி போட்டு வளத்துத்தான் பாக்கணும். கழிச்சதோட நட்டத்தையெல்லாம் நிக்கிற சேவல்தான் சுமக்குது."

'பெட்டை மட்டும் கொடுங்கள்' என்பவர்கள் இன்னொரு வகை. சிறு குஞ்சில் சேவலா பெட்டையா என்று உறுதியாகச் சொல்வது கடினம். சொல்ல முடிந்தாலும் மீந்த சேவல்களை அவர் என்ன செய்வார்? கறிக்குப் போகும், இல்லையென்றால் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தடைசெய்யும் சண்டைக்களத்துக்குப் போகும்.

இவர்களைவிட மோசம் தரகர்கள். வளர்ப்பவருக்குப் பணம் தேவைப்படும் மாதம் பார்த்து வருகிறார்கள், மொத்தமாகக் குஞ்சுகளை அள்ளுகிறார்கள். யாரோ ஒருவரின் பரிசுச் சேவலைப் படம் போட்டு 'ஒரிஜினல் வம்சம்' என்று செல்போனில் விற்கிறார்கள். அட்டைப்பெட்டியில் திணித்து ஆம்னி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். செத்தால் வளர்த்தவன் தலையில் பழி, பிழைத்தால் தரகருக்கு லாபம். லட்ச ரூபாய்ச் செய்தி வந்த அன்றும் இந்தக் குடும்பம் தீவனக் கடைக்குப் பாக்கிதான் வைத்திருந்தது. ஆனால் தரகரை மட்டும் திட்டிப் பயனில்லை. தாயும் தகப்பனும் நிற்கும் பட்டிக்கு நேரில் போகச் சோம்பல்பட்டு, படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் நாம்தான் தரகரை வளர்க்கிறோம். நகைக்கடையில் சொன்ன விலையை எண்ணிவைத்துவிட்டு, இவரிடம் ஐந்நூறு குறைக்க அரைமணி நேரம் வாதாடுகிறோம்.

நான் வாங்க வரவில்லை என்றாலும், வாங்குவோரிடம் கேட்பதையெல்லாம் பெரியவர் என்னிடமும் கேட்டார். "வீட்டுல நாய் இருக்கா? வேற கோழி நிக்குதா? புதுசைக் கொஞ்ச நாள் தனியா வைக்க இடம் இருக்கா?" சரியான பதில் வராவிட்டால் விற்கமாட்டார். முதன்முதலாகக் கோழி வளர்ப்பவர் என்றால், "ரெண்டு சிறுவிடையை வளத்துப் பாருங்க, பொறவு வாங்க" என்று அனுப்பிவிடுவார். முன்பணம் கொடுத்தவர்கள் முறைப்படி காத்திருக்க வேண்டும், யார் சிபாரிசுக்கும் வரிசை மாறாது.

அவருக்கு உண்மையான மனக்குறை விலையில் இல்லை. "மூக்கும் வாலும் முழுசாத் தெரிய ஒரு வருசத்துக்கு மேல ஆகும். நான் பெரும்பாலும் குஞ்சாவே வித்துடுறேன். எந்தச் சேவலுக்கு எந்தப் பெட்டையைச் சேத்தது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? வாங்குனவங்க சொன்னாத்தானே!"

ஆகவே, வாங்கியவர்கள் பணம் கொடுத்ததோடு கணக்கை முடித்துவிட வேண்டாம். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒரு படம் அனுப்புங்கள். செத்துப்போயிருந்தால் எப்படிச் செத்தது என்றாவது சொல்லுங்கள். அடுத்த சோடியைச் சேர்க்க அவருக்கு அந்தத் தகவல் வேண்டும். தரகரிடம் வாங்கிய குஞ்சு எப்படி வளர்ந்தாலும் அதைக் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் இல்லை.