வளவுக்குள் ஒரு சம்புக் குளம்

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை நோக்கிப் பஸ்ஸில் போனால், கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி வருகின்றன. அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் எனப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துத்தான் ஊர் மாறியதை அறிய முடியும். வீதியை விட்டு மேற்குப் பக்கமாக இறங்கி நடந்தால், மழைநீரும் வயல் வடிநீரும் தேங்கும் தாழ்ந்த நிலங்கள் காணப்படுகின்றன. அட்டாளைச்சேனைப் பக்கத்தில் சம்புக்களப்பு என்றே ஓர் இடம் உண்டு. அங்கே எது முளைத்தது என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

சம்பு எல்லோரும் கண்ட தாவரம்தான். பெயர்தான் பலருக்குத் தெரியாது. சேற்றில் வேர்விட்டு ஆளுயரத்துக்கும் மேலே வளரும். வாள் போன்ற நீண்ட இலைகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் சுருட்டு வடிவில் ஒரு கதிர் நிற்கும். சிங்களத்தில் இதை ஹம்பு பன் என்பர். தமிழ்நாட்டில் யானைக்கோரை என்ற பெயரும் உண்டு. இப்பகுதிப் பெண்கள் மெல்லிய படுக்கைப் பாய்க்குப் பன் எனும் கோரையையே விரும்புகின்றனர். சம்பு இலை தடித்தது, உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள் கொண்டது. ஆகையால் உட்காரும் தடுக்கு, தடித்த பாய், கூடை ஆகியவற்றுக்கு அது ஏற்றது.

மாதர் சங்கங்களின் சேமிப்புக் குழுக்களைச் சந்திக்கும் வேலையாகவே நான் இந்த ஊர்ப் பக்கம் போய் வருகிறேன். கைத்தொழில் செய்யும் பெண்களிடம் வரவு செலவு எழுதிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பாய் இழைக்கும் ஒரு ராத்தாவிடம், "ஒரு பாய்க்குப் புல்லுச் செலவு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"புல்லுக்கு என்ன செலவு மகள்? சும்மா கிடக்கிறதத்தானே வெட்டி வாறம்" என்றார்.

அந்தச் "சும்மா"வுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று இருவரும் இருந்து எண்ணினோம். விடியற்காலையில் களப்புக்கு நடக்க வேண்டும். முழங்காலளவு சேற்றில் நின்று வெட்ட வேண்டும். அட்டையும் பாம்பும் உள்ள இடம். ஈரக்கட்டைத் தலையில் சுமந்து திரும்ப வேண்டும். பிறகு காய வைத்து, தரம் பிரித்து, சாயம் காய்ச்சி, அதன் பிறகே இழைப்பு. இழைப்புக்கு மட்டும் இரண்டு மூன்று நாட்கள் போகும் என்றார். வாங்க வரும் வியாபாரி பேசும் விலையிலோ சாயத்தூளின் காசும் இழைப்பும் மட்டுமே கணக்கு. மீதி எல்லாம் "சும்மா".

அதுவும் முன்னர் போல் இல்லை. ஈரத்தரைகள் சில இடங்களில் நிரப்பப்பட்டு வளவுகளாகின்றன. வாய்க்கால் துப்புரவாக்கும் இயந்திரம் வந்தால் புல் வேரோடு போகிறது. வயலுக்கு அடிக்கும் களைநாசினி பட்டால் கரையோரச் சம்பும் கருகிவிடுகிறது. காணிக்காரர் மாறினால் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும். நீர்க்கரையில் பெண்களுக்கு இருந்தது உறுதியில் எழுதப்பட்ட உரிமை அல்ல, வழக்கத்தால் வந்தது. அது பறிபோகும்போது முறையிடுவதற்கும் இடம் இருப்பதில்லை.

வளவில் நட்ட விதம்

இந்த ராத்தாவின் வளவில் குளிக்கும் நீரும் துணி துவைக்கும் நீரும் வழிந்து ஒரு மூலையில் எப்போதும் சேறாகவே கிடக்கும். கிணற்றிலிருந்து தள்ளிய தாழ்ந்த மூலை அது. அங்கே மகனைக் கொண்டு மூன்று யார் நீளமும் ஒன்றரை யார் அகலமும் இரண்டடி ஆழமுமான குழி ஒன்றை வெட்டுவித்தார். கடலோர மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஆகவே அடியிலும் பக்கங்களிலும் தடித்த பொலித்தீன் விரித்து, அதன்மேல் ஓரடி அளவுக்கு வயற்சேறு போட்டார். கழிவுநீர் வந்து விழும் வாயில் சல்லிக்கல்லும் தும்பும் இட்ட சிறு தொட்டி ஒன்று உண்டு. அழுக்கும் நுரையும் அதிலே தங்கிவிடும்.

சம்பை விதையிலிருந்து வளர்க்கத் தேவையில்லை. சேற்றுக்குள் ஓடும் தடித்த கிழங்குத் தண்டை, முளை ஒன்றேனும் இருக்கும்படி ஒரு சாண் துண்டாக வெட்டி, இரண்டடிக்கு ஒன்றாகப் புதைத்தால் போதும். முதலில் சேற்றின்மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும். குருத்து உயர உயர ஓரடி வரை நீரைக் கூட்டலாம். மாரி தொடங்கும்போது நட்டால் பிழைப்பது எளிது.

இலை நன்கு முற்றிய பின், கதிர் வராத குருத்துகளையே பாய்க்கு வெட்ட வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். வெட்டியதை முதலில் முழுமையாகக் காய வைப்பது அவசியம். பச்சையாக இழைத்தால் பின்னர் சுருங்கி இடைவெளி விழும். இழைப்பதற்கு முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் இலை வளைந்து கொடுக்கும்.

நீருக்குச் செய்யும் உதவி

சம்பு தன் இலையின் காற்றறைகள் வழியாக வேருக்குக் காற்றை அனுப்புகிறது. அந்த வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. நீரிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் செடி உறிஞ்சிக்கொள்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கப்படும் ஈரநிலங்களில் உலகின் பல நாடுகளில் இதனை நடுவது இந்தக் காரணத்தினாலேயே. ராத்தாவின் மூலையில் நாற்றம் குறைந்தது. குளத்திலிருந்து வழியும் நீர் வாழைக்குப் போகிறது. ஆனால் அந்த நீர் குடிப்பதற்கோ சமைப்பதற்கோ உரியதல்ல. மலசலகூடக் கழிவை இதற்குள் விடவும் கூடாது.

கவனிக்க வேண்டியவை

சம்பை வளவில் வளர்க்க விரும்பும் சகோதரிகள் அதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஒரே கதிரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கக்கூடும். அவை பஞ்சோடு காற்றில் பறக்கும். அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள புந்தல, 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீர்ப்பாசன வடிநீர் வந்து சேர்ந்து உவர்ப்புக் குறைந்ததனால், அங்குள்ள எம்பிலிக்கல களப்பில் சம்பு பரவிப் பறவைகளுக்குரிய திறந்த நீர்ப்பரப்பை மூடியது. ஆகவே வளவில் வளர்ப்பவர்கள் கதிர் பழுத்துப் பஞ்சு பறக்குமுன் அதனை வெட்டிவிட வேண்டும். பிடுங்கிய கிழங்கைக் குளத்திலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. சம்பே வேண்டாம் என்றால், நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று முறை வெட்டுங்கள். காற்றுப் போகாமல் கிழங்கு அழுகிவிடும்.

அடுத்தது நுளம்பு. நீர்த்தாவரங்களின் வேரைப் பற்றி வாழும் நுளம்புக் குடம்பிகளும் உண்டு. ராத்தா கப்பி மீன் விட்டிருக்கிறார். காய்ந்து விழும் இலைகளைக் கிழமைக்கொரு தடவை அள்ளித் தென்னையடியில் போடுகிறார். மூன்றாவது, பிள்ளைகள். இரண்டடி நீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்தே. குளத்தைச் சுற்றி வேலி கட்டாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி

இச்சிறு குளத்துப் புல் ஆண்டு முழுவதற்கும் போதாது. களப்புக்குப் போகும் நாட்கள் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வேறொன்று நடந்தது. குழி வெட்டிய கூலி, பொலித்தீன், சேறு ஏற்றி வந்த செலவு எல்லாவற்றையும் அவர் கொப்பியில் எழுதினார். அப்படி எழுதியதும், வெட்டவும் காய வைக்கவும் போகும் மணித்தியாலங்களையும் அதன் கீழே எழுதத் தோன்றியது. அடுத்த முறை வியாபாரி வந்தபோது கொப்பியை விரித்து வைத்துப் பேசினார். கேட்ட விலை முழுதாகக் கிடைக்கவில்லை, பழைய விலைக்குக் கொடுக்கவுமில்லை.

"என்ட புல்லு, என்ட தண்ணி. இனி சும்மா எண்டு சொல்ல ஏலாதே மகள்" என்றார் சிரித்துக்கொண்டு.

களப்புகளைக் காப்பது பிரதேச சபைக்கும் அரச திணைக்களங்களுக்கும் உரிய பொறுப்பு. வளவுக் குளம் அதற்கு ஈடாகாது. எனினும் பாய் இழைக்கும் சகோதரிகள் உள்ள ஊர்களில், மாதர் சங்கங்கள் இரண்டு விடயங்களைச் செய்யலாம். ஒன்று, புல் வெட்டும் ஈரத்தரைகள் எவை, யாருடைய பொறுப்பில் உள்ளவை எனப் பட்டியலிட்டு, நிரப்பப்படுமுன் கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுப்பது. மற்றையது, புல் தேடும் நேரத்தையும் சேர்த்து ஒரு பாயின் விலையை எல்லோரும் கூடித் தீர்மானிப்பது. ஒருத்தி தனித்து நின்று கேட்கும் விலையைக் குறைப்பது வியாபாரிக்கு எளிது. ஊரே ஒரு விலை சொன்னால் அவரும் யோசிப்பார்.