பாதியில் நிறுத்திய பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்று வாய்க்காலை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். மதரஸா முற்றத்தில் ஒரு வேம்பு உண்டு. கோடை விடுமுறை வகுப்பு தொடங்கிய நாட்களில், அதன் உச்சிக் கிளையில் ஒரு சோடிக் காகங்கள் கூடு கட்டின. சுள்ளிகளோடு, திராட்சைப் பந்தலிலிருந்து வெட்டி எறிந்த கம்பித் துண்டுகளையும் அவை கொண்டுவந்து சேர்த்தன.

பிள்ளைகள் வருமுன் திண்ணையில் அமர்ந்து அவற்றைப் பார்ப்பது நமக்கு வழக்கமாயிற்று. வயலில் மேயும் எருமையின் முதுகில் அமர்ந்து உண்ணி பொறுக்கும் அதே காகம், சிறு பறவைகளின் முட்டையையும் களவாடும். ஆயினும் தன்னில் பாதியளவுகூட இல்லாத கரிச்சான், கூட்டருகே வந்த காகத்தை வாய்க்கால் கரைவரை விரட்டிச் செல்லும். அந்தத் துணிவை நம்பித்தான் புறாவும் மாங்குயிலும் கரிச்சான் வாழும் மரத்திலேயே கூடு கட்டுகின்றன. வல்லூறு தலைகாட்டினாலோ காகங்கள் அனைத்தும் ஒன்றுகூடிக் கத்தி அதைத் துரத்தும்.

காகத்தை ஏமாற்றுவது குயில் ஒன்றே. கரிய ஆண் குயில் கூவிக் காகங்களைத் தன்பின்னே இழுத்துச் செல்ல, புள்ளிகள் நிறைந்த பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். காக முட்டைக்குச் சில நாட்கள் முன்பாகவே குயில் முட்டை பொரிந்துவிடும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். நம் நாட்டுக் குயிலின் குஞ்சு பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே அது வளரும்.

குஞ்சுகள் பொரிந்தபின், மரத்தடியில் செல்வோரைக் காகங்கள் தலையில் கொத்தத் தொடங்கின. சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே வகுப்புக்கு வந்தான். அன்று ஹதீஸ் பாடம். புனித எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்குதரும் உயிரினங்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை வாசித்தோம். பருந்து, தேள், எலி, வெறிநாய் ஆகியவற்றோடு காகமும் அதில் உண்டு. பிள்ளைகள் சன்னல் வழியே வேம்பைப் பார்த்துச் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். அதற்குள் லுஹர் பாங்கு ஒலிக்கவே, பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

மறுநாள் காலை மரத்தடியில் ஒரு காகம் செத்துக் கிடந்தது. அருகே பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், கையில் கவட்டையோடு நின்றான். மதரஸாக் கூரையிலும் மின்கம்பிகளிலும் எங்கிருந்தோ வந்த காகங்கள் நிறைந்து கத்திக்கொண்டிருந்தன.

“நீங்கதானே அஸ்ரத் ஹதீஸ்ல சொன்னீங்க?” என்றான் அவன்.

நமக்கு உடனே விடை வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே! நாம் பாதியில் நிறுத்திய பாடத்தை அவன் கல்லால் முடித்து வைத்திருந்தான்.

அன்று வகுப்பை மரத்தடியிலேயே நடத்தினோம். அந்த அனுமதி தீங்கைத் தடுப்பதற்காக வந்ததே தவிர, விளையாட்டுக்காக வந்ததன்று. முஸ்லிம் நூலில் உள்ள ஓர் அறிவிப்பு, அக்காகத்தை வெண்மை கலந்த காகம் என்று குறிப்பாகவே சொல்கிறது. உயிருள்ள எதையும் எறிகுறியாக ஆக்கக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். இது அபூதாவூத் நூலில் உள்ளது. நம் தலையில் கொத்திய காகமும் தன் குஞ்சுகளுக்காகத்தானே கொத்தியது? இவற்றையெல்லாம் முந்தைய நாளே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். “தவறில் பாதி நம்முடையது” என்று பிள்ளைகள் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம்.

பறவையியல் அறிஞர் ஸாலிம் அலீ (1896 – 1987) அவர்களும் சிறுவயதில் குருவியைச் சுட்டு வீழ்த்தியவரே. அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு ஐயமுற்று, தம்மை வளர்த்த மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அந்த ஐயமே பின்னர் அவரது வாழ்நாள் பணியாயிற்று. பிள்ளையின் கேள்விக்கு ஒரு பெரியவர் காது கொடுத்ததன் பலன் அது. நம் மாணவனுக்கோ, கேட்க ஐயமே எழாதபடி நாம் பாடத்தை முடித்திருந்தோம்.

“இத அடக்கம் பண்ணலாமா அஸ்ரத்?” என்று அவன் மெல்லக் கேட்டான். மண்வெட்டி எடுத்துவரச் சொன்னோம். அதற்குள் அவன் குனிந்து கைகளாலேயே மண்ணைக் கீறத் தொடங்கிவிட்டான். மேலே காகங்களின் கூச்சல் ஓயவில்லை. தன் சகோதரனைக் கொன்ற காபீலுக்கு, உடலை மறைக்கும் வழியை மண்ணைத் தோண்டிக் காட்டிய காகத்தைப் பற்றி ஸூரத்துல் மாயிதாவின் 31ஆம் வசனத்தில் ஓதியிருக்கிறோம். பிள்ளைகளும் அறிந்த வரலாறுதான். அன்று அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எஞ்சிய ஒற்றைக் காகம் கூட்டைக் கைவிடவில்லை. நாள் முழுதும் பறந்து பறந்து இரை கொண்டுவந்தது. நாங்கள் வேறு வாசல் வழியாகப் போய்வந்தோம். அந்த மாணவன் தினமும் மதில்மேல் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தான். இரு வாரங்கள் கழித்து, உடலெங்கும் வெண்புள்ளிகளுடன் ஒரு குஞ்சு கிளையில் வந்து அமர்ந்தது. அது குயில்! அதன் அலகிலும் காகம் இரையை ஊட்டிக்கொண்டிருந்தது.

பூமியில் ஊர்வனவும், சிறகுகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது ஸூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம். நாமும் பல ஆண்டுகளாக அதை ஓதிக்கொடுத்தே வருகிறோம். இப்போதெல்லாம் அந்த ஐந்து உயிரினங்களின் ஹதீஸ் வரும் நாளில், பாங்குக்கு வெகு முன்னரே பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

நாம் கற்பிப்பதை முழுமையாகக் கற்பிக்கவும், அவன் படைப்புகள்மீது இரக்கம் கொள்ளவும் வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.